ஆபத்துக்கு வாசிப்பது

ட்ரியஸ்டே, பிப்ரவரி 1929

படக் கம்பெனி அனுப்பிய தாளில்
காதலுக்கு மூன்று பக்கம், மழைக்கு ஒன்று.
ஆபத்துக்கு ஒரே வரி:
பி, டி, எஃப், ஏ ஃப்ளாட்.
நடுங்க நடுங்க வாசிக்கவும்.

டிமினிஷ்ட் செவன்த் என்பார்கள் படித்தவர்கள்.
முதலாளி பெர்டோட்டுக்கு அது வில்லன் வரும் சத்தம்.
எனக்கு, ஒன்பதேகால் காட்சியில்
விரல் விறைத்துப் போகாமலிருக்க
ஒரு பிடி.

கணக்கு எளிது.
ஒரு கட்டையை அழுத்து, இரண்டை விடு,
அடுத்ததை அழுத்து, இரண்டை விடு.
நான்காவதிலிருந்தும் அப்படியே தாண்டினால்
புறப்பட்ட கட்டையிலேயே வந்து நிற்பாய்,
ஓர் எண்ணிக்கை மேலே.
எல்லா இடைவெளியும் ஒரே அளவு.
உள்ளே நிற்பவருக்கு
வாசல் எது கொல்லை எது என்று தெரியாது,
நிற்பது யார் வீட்டில் என்பதும்.

மதியம் தபாலில் ஓர் ஆணை வந்தது.
இனி நான் ஸோரா வோடோபிவெட்ஸ் இல்லை,
பெவிலாக்வா.
ஸ்லோவேனிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும்
பொருள் ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பவர்.
"அதே தண்ணீர்தானே" என்றான் எஜிடியோ,
ப்ரொஜெக்டருக்கு எண்ணெய் விட்டபடி.
அவன் பெயரை யாரும் தொடவில்லை.

ஆறாவது ரீல்.
வங்கிக் காசாளன் பெட்டகத்தின் மேல் கை வைக்கிறான்.
நான் அந்த நாலையும் அழுத்துகிறேன்.
படம் அறுந்தது.

திரை வெளுத்தது, பிறகு திரையே இல்லை.
வெளியே போரா காற்று,
ஆட்கள் பற்றி நடக்கத் தெருவில் கட்டிய கயிறுகளை
உலுக்கிக்கொண்டிருந்தது.
"ரெண்டே நிமிஷம்!" மேலிருந்து எஜிடியோ.
அவனுடைய ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியும்.

கையை எடுத்தால் நாற்காலியை உடைப்பார்கள்.
எடுக்கவில்லை.
யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை.
ஒரு குழந்தை கேட்டது:
"அந்த மாமா திறந்துட்டாரா?"

சுண்டுவிரலின் கீழே கறுப்புக் கட்டை.
அரைப்படி இறங்கி ஜி-யில் உட்கார்ந்தால்
அது ஏ ஃப்ளாட். சி மைனர்,
தாள் சொல்லும் துக்கம், காசாளன் பிடிபடுவான்.
அரைப்படி ஏறி ஏ-யில் நின்றால்
அதே கட்டை ஜி ஷார்ப்,
போய்ச் சேர்வது ஏ மைனர்.
டி ஏறினால் இ ஃப்ளாட்டில் ஒரு வீடு.
எஃப் ஏறினால், கறுப்புக் கட்டைகளாலேயே ஆன
தொலைதூரத்து வீடு ஒன்று, நான் அங்கே
இரண்டு முறைதான் போயிருக்கிறேன்.

அழுந்திக் கிடக்கும்வரை
தன் பெயர் எது என்று கட்டை சொல்வதில்லை.
போய்ச் சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து
எழுதிக்கொள்கிறோம்.
என் விஷயத்தில்
பெயரை முதலில் எழுதிவிட்டார்கள்,
போகவேண்டிய இடத்தையும் சேர்த்து.

இருட்டில் அந்தச் சத்தம் தேய்ந்து
சத்தமாக இல்லாமல் போனது.
தண்டவாளம்போல, கொதிக்கப்போகும் பால்போல
எதுவோ. பயம்கூட அலுத்துவிட்டது எனக்கு.
மிதியடியில் கால் மரத்துப் போனது,
அதுதான் உண்மையான தொல்லை.

வெளிச்சம் வந்தது.
நாலு அடி பிலிம் எரிந்துபோயிருந்தது.
பெட்டகம் திறந்ததை யாரும் பார்க்கவில்லை;
காசாளன் அதற்குள் தெருவில்,
கையில் பையோடு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு.
சி மைனருக்குப் போகத்தான் நினைத்தேன்.
சுண்டுவிரல் அதற்கு முன்பே ஏறியிருந்தது.

பெர்டோட் கதவருகே புருவத்தைத் தூக்கினார்.
மூன்றாவது வரிசையில் ஒரு பெண்
இவ்வளவு நேரமாகப் பிடித்திருந்த
பக்கத்து இருக்கைக்காரரின் சட்டைக் கையை விட்டாள்.
அவ்வளவுதான் நடந்தது.
காசாளன் எட்டாவது ரீலில் பிடிபட்டான்,
அவனுக்கு என்ன வாசித்தாலும்.

கூட்டம் கலைந்ததும் சம்பள ஏடு வந்தது.
என் புதுப் பெயரை எழுதி வைத்திருந்தார் பெர்டோட்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
கையெழுத்துப் போடும் முன்
ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன்.